எங்களோடு படித்த அந்தப் பிள்ளை
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்கள் வகுப்பின் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. கல்லூரியின் பெருமையைப் பேசு என்றார்கள் சிலர். அதைப் பேச இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். கடைசியில் தலைப்பைத் தந்தவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. அவள் இன்று இங்கே வரவில்லை. பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள், கதையைச் சொல்லச் சொன்னாள். மருத்துவம் படித்த குற்றத்துக்காகப் பேசும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், அவள் வாழும் நாட்டில், அவளுடைய ஏழு வயது மகளுக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். மகளைப் பரிசோதித்தவர் தாயிடமும் சில கேள்விகளைக் கேட்டார். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள், பாடசாலையில் யாரோடு இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எந்தச் சத்தம் பிடிக்காது என்று. சில மாதங்களின் பின் தாய்க்கும் அதே முடிவு எழுத்தில் வந்தது. அப்போது அவளுக்கு வயது 41. எங்களோடு பதின்மூன்று வருடம் இந்தக் கல்லூரியில் படித்தவள்.

ஓட்டிசம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறோம். அது தொற்றும் நோயல்ல, மனநோயல்ல, வளர்ப்பில் வந்த பிழையுமல்ல. மூளை வளரும் விதத்தில் ஆரம்பத்திலேயே அமைந்த வேறுபாடு. பரம்பரையின் பங்கு அதில் பெரிது. மற்றவர்களோடு கதைப்பதும் பழகுவதும் முகக்குறிப்பை விளங்கிக்கொள்வதும் இவர்களுக்கு வேறு விதமாக அமைகின்றன. ஒரே ஒழுங்கை, ஒரே விடயத்தை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். சத்தம், வெளிச்சம், மணம், துணியின் உரசல் இவையெல்லாம் எங்களைத் தாக்குவதைவிட அவர்களைக் கூடுதலாகத் தாக்கும், சிலரை மிகக் குறைவாகத் தாக்கும். சில பிள்ளைகளுக்குப் பேச்சே வராது. சிலர் பல்கலைக்கழகம் போய்ப் பட்டமும் எடுப்பார்கள். இருவருக்கும் உதவி தேவை, தேவைப்படும் இடந்தான் வேறு.

தமிழ்நாட்டில் இதற்கு 'மதியிறுக்கம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. உன் பிள்ளையின் மதி இறுகிப்போய்விட்டது என்று ஒரு தாயிடம் சொன்னால் அவள் வீடு போய்ச் சேரும்வரை என்ன நினைத்துக்கொண்டு போவாள்? கிளினிக்கில் நாங்கள் ஓட்டிசம் என்றே சொல்கிறோம். வேற்று மொழிச் சொல்தான், ஆனால் சுடாது.

1943இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இதன் கதையை வழக்கமாகத் தொடங்குவார்கள். அந்தப் பதினொருவரில் எட்டுப் பேர் ஆண்பிள்ளைகள், மூன்று பேர் பெண்பிள்ளைகள். அவருக்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பே, மொஸ்கோவில் குரூனியா சுகரேவா என்ற பெண் வைத்தியர் இப்படியான பிள்ளைகளை மிக நுணுக்கமாக விவரித்திருந்தார். ஆண்பிள்ளைகளை முதலில் எழுதி, பெண்பிள்ளைகளைப் பற்றியும் பின்னர் எழுதினார். ரஷ்யாவுக்கு வெளியே அவரை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. ஓட்டிசம் என்றால் ஆண்பிள்ளைகளின் விடயம் என்ற எண்ணம் வைத்தியர்களிடமே ஊறிப்போனது. முன்பெல்லாம் நான்கு ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பெண்பிள்ளை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்றுக்கு ஒன்று என்பதே நெருக்கமான கணக்கு என்று தெரிந்தது.

இலங்கையில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைச் சோதித்தார்கள். 93 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. நூற்றுக்கு ஒன்று என்றே வைத்து, அதில் பெண்பிள்ளைகளின் பங்கையும் கழித்துப் பார்த்தாலும், 1500 பேர் படிக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் ஏழெட்டுப் பேராவது இருக்க வேண்டும். இன்றைக்கும் இருக்கிறார்கள், எங்கள் காலத்திலும் இருந்தார்கள், உங்கள் அம்மாமார் காலத்திலும் இருந்திருப்பார்கள். வகுப்பில் ஒருத்தியை நினைவுக்குக் கொண்டுவரச் சொன்னால் இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு ஒரு முகம் வரும் என்று நினைக்கிறோம்.

அப்படியானால் ஏன் யாருக்கும் தெரியவில்லை? பெண்பிள்ளைகள் மறைக்கப் பழகுகிறார்கள். எங்கள் தோழி சொன்னது இது. ஆறாம் வகுப்பில், இடைவேளை நேரத்தில் எப்படிக் கதைப்பது என்று தெரியாமல், வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து, அவள் சிரிக்கும் விதம், கையை வைக்கும் விதம், 'உண்மையாவோ' என்று கேட்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துப் பழகியிருக்கிறாள். வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். பாடசாலை விட்டு வீட்டுக்குப் போனதும் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒரு மணித்தியாலம் இருப்பாளாம். தாய் அதைப் 'பிள்ளைக்குக் களைப்பு' என்று நினைத்தார். களைப்புத்தான். நாள் முழுக்க இன்னொருத்தியாக நடித்த களைப்பு.

பெண்கள் கல்லூரியில் இது இன்னும் இலகுவாக மறையும். ஆண்பிள்ளை ஒருவன் மேசைக்குக் கீழே போய் இருந்தால் அதிபர்வரை செய்தி போகும். பெண்பிள்ளை வாய் திறக்காமல் மூலையில் இருந்தால் 'அமைதியான பிள்ளை' என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதுவார்கள். எங்கள் தோழியின் அறிக்கைகளை அவளுடைய தாய் இன்னும் வைத்திருக்கிறார். வருடா வருடம் அதே வசனம், கையெழுத்து மட்டும் வேறு.

எங்கள் வகுப்புக்கு இன்னொரு மறைப்பும் இருந்தது. நாங்கள் யுத்தத்துக்குள் படித்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போன சனத்தில் நாங்களும் இருந்தோம். அந்த நாட்களில் காதைப் பொத்தாத பிள்ளை யார்? இரவில் அலறாத பிள்ளை யார்? சாப்பிடாத பிள்ளை, கதைக்காத பிள்ளை, ஆட்களைக் கண்டால் ஒளிக்கும் பிள்ளை, எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் கையில் இருந்தது. 'செல்லுக்குப் பயந்த பிள்ளை.' அவள் எங்களுக்கு எழுதிய ஒரு வரியை அவளுடைய அனுமதியோடு இங்கே வாசிக்கிறோம்: "செல் விழுந்தா எல்லாரும் என்னைப் போலவே காதைப் பொத்திச்சினம். அந்த நேரம் மட்டும்தான் நான் வித்தியாசமாத் தெரியேல்லை."

அவளுக்குப் பெரிய துன்பம் செல் அல்ல என்றும் எழுதியிருந்தாள். கொடிகாமத்தில் ஐந்து குடும்பங்கள் ஒரே வீட்டில் படுத்ததுதான். தனக்கென்று ஒரு மூலை இல்லாமல், யார் எப்போது தொடுவார்கள் என்று தெரியாமல் இருந்த அந்த மாதங்கள். இப்படியான பிள்ளைகள் அந்தக் காலத்தில் வேறு எத்தனை பேர், பயந்த பிள்ளை என்ற பெயரோடு வளர்ந்து இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள் என்று நாங்கள் அடிக்கடி யோசிப்பதுண்டு. உங்களில் யாருக்காவது இதைக் கேட்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ இடறினால், அந்த இடறலைத் தள்ளிவிடாமல் ஒரு வைத்தியரோடு கதையுங்கள். வயது போனபின் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். எங்கள் தோழி அதற்கும் பதில் வைத்திருந்தாள். நாற்பது வருடமாகத் தான் சோம்பேறி, ராங்கி பிடித்தவள், அன்பில்லாதவள் என்று நம்பியிருந்தாளாம். இப்போது அந்த மூன்றும் இல்லை என்று தெரிகிறது. அது சின்ன விடயமில்லை.

இனித் தாய்மாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டிசத்தின் வரலாற்றில் மிகவும் வெட்கத்துக்குரிய பகுதி தாய்மார்மேல் பழி போட்டதுதான். தாயின் மனம் குளிர்ந்து உறைந்திருந்ததால்தான் பிள்ளை இப்படியானது என்று மேற்கு நாடுகளில் ஒரு தலைமுறையே நம்பியது. புருனோ பெற்றல்கைம் என்பவர் 1967இல் ஒரு புத்தகத்தில் அந்தக் கருத்தைப் பெரிதாக்கினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, இப்படியான பிள்ளையின் தகப்பனும் உளவியலாளருமான பேர்னாட் ரிம்லான்ட் அதை மறுத்து எழுதியிருந்தார். ஆனாலும் பழி ஓயச் சில காலம் எடுத்தது. பிறகு 1998இல் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை வந்தது, எம்எம்ஆர் தடுப்பூசியின் மேல் பயம் கிளம்பியது. 2010இல் லான்செற் சஞ்சிகை அந்தக் கட்டுரையை முழுதாக மீளப்பெற்றது, அவர் பிரித்தானிய வைத்தியர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்பது இலட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்து உறுதியான விடயம். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து இன்றும் எங்களுக்குப் போன் வருகிறது, 'ஊசியைப் போடலாமோ' என்று. போடுங்கள்.

எங்கள் ஊரில் பழி வேறு உருவத்தில் வரும். போனைக் கொடுத்துக் கெடுத்தாய், வேலைக்குப் போய்க் கெடுத்தாய், கண்ணூறு பட்டது, கர்ப்பமாக இருக்கும்போது அந்த வீட்டுக்குப் போனாய். போனைப் பார்த்து ஓட்டிசம் வருவதில்லை. போனைக் குறைக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, குறையுங்கள். நூல் கட்டினால் மனதுக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள், அதோடு கிளினிக்குக்கும் வாருங்கள். ஆனால் உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம், இத்தனை நாளில் சுகமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். உலோகம் எடுக்கும் அந்தச் சிகிச்சையில் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று உயிரிழந்தது.

கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "நானும் நாலு வயசிலைதான் டொக்டர் கதைச்சனான்." தகப்பன்மார் சொல்வது. அம்மம்மா பக்கத்தில் நின்று தலையாட்டுவார். பிந்திக் கதைத்துப் பிறகு சரியாகிய பிள்ளைகள் இருக்கிறார்கள்தான். ஆனால் பேச்சு மட்டும் எங்கள் கேள்வியல்ல. ஒன்றரை வயதில் பிள்ளை நிலாவையோ நாயையோ விரலால் சுட்டிக்காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்க்கிறதா? வந்த சொற்கள் மறைந்துபோகின்றனவா? குடும்பநல உத்தியோகத்தர் இவற்றைக் கேட்கும்போது 'எல்லாம் சரி மிஸ்' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். முதலில் செவிப்புலன் பரிசோதனை செய்விக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியும் மற்றப் பயிற்சிகளும் முடிவு கையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகத்தோடேயே தொடங்கலாம். படஅட்டை காட்டிப் பழக்கினால் பிள்ளை கதைக்காமலே விட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க ஒரு வழி கிடைத்த பிள்ளை தலையைச் சுவரில் மோதுவது குறைவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருப்பவர்களுக்கு ஒரு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். 'வீட்டில் தமிழ் கதைக்காதீர்கள், பிள்ளை குழம்பும், ஒரு மொழி போதும்' என்று பலருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. நல்ல எண்ணத்தோடு சொன்னார்கள், ஆனால் ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைப் பின்தள்ளுவதில்லை. அந்த ஆலோசனையைக் கேட்ட வீடுகளில், ஏற்கனவே ஆட்களோடு பழகச் சிரமப்படும் பிள்ளைக்கு அப்பம்மாவும் அம்மம்மாவும் இல்லாமல் போனார்கள். தாய்க்கு அழுகை வரும் மொழி ஒன்று, பிள்ளையோடு கதைக்கும் மொழி இன்னொன்று. தமிழில் கதையுங்கள்.

ரொறன்ரோவைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 1993இல் அந்த நகரில் நடந்த ஓட்டிச மாநாட்டில், தானே ஓட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேயர் பெற்றோரைப் பார்த்து ஓர் உரை ஆற்றினார். எங்களுக்காகத் துக்கம் காக்க வேண்டாம் என்பது அதன் தலைப்பின் பொருள். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று அழ உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வந்திருக்கும் பிள்ளையின் முன்னால் அதைச் செய்யாதீர்கள் என்பது அவருடைய வாதம். கொஞ்சம் கடுமையான பேச்சு. கிளினிக்கில் முடிவைச் சொல்லும் அன்றைக்கே இதைச் சொல்ல மாட்டோம். அன்றைக்குத் தாய் அழட்டும். ஆனால் அந்த அழுகையைப் பிள்ளை பத்து வருடம் கேட்டுக்கொண்டு வளர்வதை நாங்கள் பார்க்கிறோம். கதைக்காத பிள்ளைக்குக் காது கேட்காது என்று நினைத்து, அதற்கு முன்னாலேயே 'எங்களுக்குப் பிறகு இதை ஆர் பாக்கிறது' என்று கதைக்கிறோம். அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏற்றுக்கொள்வது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. பிள்ளை தன் தேவையைச் சொல்லவும், பல் தீட்டவும், வீதியைக் கடக்கவும், காசு எண்ணவும் பழக்க வேண்டும், அது வருடக்கணக்கான வேலை. ஆனால் கையை உதறாதே, குதிக்காதே, முகத்தைப் பார்த்துக் கதை என்று திருத்துவது யாருக்காக? அது பார்க்கிறவர்களின் கூச்சத்துக்காக. எங்கள் தோழிக்கு ஓர் ஆசிரியை ஒரு வருடம் முழுக்க 'என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு' என்று வற்புறுத்தினார். முகத்தைப் பார்த்தால் அவளுக்குக் கேள்வி கேட்காது, கேள்வியைக் கேட்டால் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த வருடம் அவள் அந்தப் பாடத்தில் மட்டும் புள்ளி குறைந்தாள்.

அவளைத் தாங்கியவையும் இந்தக் கல்லூரியிலேயே இருந்தன. நூலகத்தில் யன்னலோரக் கதிரை, இடைவேளையில் அங்கே போய் இருக்கலாம் என்று யாரோ கொடுத்த வாய்மொழி அனுமதி. பிறகு இரசாயன ரீச்சர். அவர் வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையின் இடது மூலையில் இன்று செய்யப்போவதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவார், முடிய முடிய அழிப்பார். இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் வைத்து, படம் கீறி, பயிற்சிப் பட்டறை நடத்திப் படிப்பிக்கிறார்கள். ரீச்சர் தன் ஒழுங்குக்காகச் செய்தார். அடுத்தது என்ன வரும் என்று தெரிந்த அந்த நாற்பது நிமிடத்தில் மட்டும் தன் வயிறு பிசையவில்லை என்று எங்கள் தோழி எழுதியிருக்கிறாள். ரீச்சர் இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொன்னால் எழும்பிப் போய்விடுவார்.

நல்லாய்க் கதைக்கக்கூடிய, பரீட்சை எழுதக்கூடிய பிள்ளைகள் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்கள். மற்றவர்கள் வரவில்லை. போன வருடம் எங்களிடம் வரும் ஒரு சிறுமிக்கு முதலாம் தரத்துக்கு இடம் தேடி அவளுடைய தாய் மூன்று பாடசாலைகளுக்குப் போனார். பெயர் கேட்டதற்குப் பிள்ளை பதில் சொல்லவில்லை, கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் நேர்முகம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் இடம் மறுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் வந்து கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அந்தத் தாய் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி.

சங்கம் நூற்றாண்டு நினைவாக முகப்பு வளைவு கட்டப்போகிறது என்று அறிந்தோம். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் உயரத்தில் சில அடி குறைத்தால் எங்கள் வகுப்பு கேட்கும் மூன்று விடயத்துக்கும் காசு காணும். ஆரம்பப் பிரிவில் ஓர் அமைதியான அறை, அலங்காரம் வேண்டாம், பாயும் திரைச்சீலையும் போதும். இரண்டு ஆசிரியைகளுக்கு இந்தத் துறையில் முறையான பயிற்சி, அவர்களின் போக்குவரத்துச் செலவோடு. படிக்கட்டுக்குக் கீழே தொங்கும் மணியை வேறு இடத்துக்கு மாற்றுவது, அதற்குக் காசே தேவையில்லை. எங்கள் வகுப்பு தன் பங்கை ஏற்கனவே சேர்த்துவிட்டது, இன்று மாலை பொருளாளரிடம் கொடுக்கிறோம். முதலாம் தர அனுமதி அதிபர் கையிலும் திணைக்களத்தின் கையிலும் இருக்கிறது, அதைக் காசால் வாங்க முடியாது. அதற்காகத்தான் இந்த மேடையில் நின்று அதிபர் அவர்களின் முன்னிலையில் கேட்கிறோம். அந்தச் சிறுமிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

தேநீர் வேளையில் நாங்கள் பழைய விஞ்ஞானகூடத்தில் இருப்போம். கதைக்க விரும்பும் தாய்மார், அம்மம்மாமார், தங்களைப் பற்றியே கேட்க விரும்புபவர்கள் வரலாம். பிள்ளையைக் கூட்டி வந்திருந்தால் கூட்டிக்கொண்டே வாருங்கள், அங்கே ஒலிபெருக்கி இல்லை.